மருந்துப் பெட்டியை ஆறு கொண்டுபோன நாள்

அன்பான சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் எல்லோர் வீட்டிலும் நிறையட்டும். போன கிழமை நமது பெண்கள் மஜ்லிஸில் இதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

என் மகள் ஸஹ்னா ஆற்றங்கரை மணலில் சுருண்டு கிடந்தாள். ஒன்பது வயது. அவள் உயிரோடு இருக்கத் தேவையான இன்சுலின் ஆற்றோடு போய்விட்டது. போனில் கவரேஜ் இல்லை. எங்களைக் கூட்டிவந்த வழிகாட்டி உதவி தேடிப் போனவர் திரும்பவில்லை. என் கணவர் நஜீம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கத்தார்ல எண்டா இந்நேரம் ஹெலிகொப்டர் வந்திரிக்கும்" என்றார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது?

நாங்கள் ஓட்டமாவடிக்காரர். இவர் கத்தாரில் டிரைவர். இந்த வருடம் லீவில் வந்தபோது, பிள்ளைக்குக் காட்டைக் காட்ட வேண்டும், கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். நான் வேண்டாம் என்றேன். ஸஹ்னாவுக்கு நாலு வயதிலிருந்து சர்க்கரை நோய். சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி. சுகர் ஏறினால் முதலில் தாகம் வரும், பிறகு வாந்தி, பிறகு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கத் தொடங்கினால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு வழியில்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் ஊசி போடுகிறவள் நான். போனில் கேட்கிறவர் அவர்.

"வழிகாட்டி இரிக்கார். நாலு சில்லும் இழுக்கிற ஜீப். ரெண்டு நாள். என்னகா பயம்?" என்று கேட்டார். பிள்ளையும் குதித்தாள். நான் தோற்றேன்.

வழிகாட்டியின் பெயர் தவராசா. மாங்கேணிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் ஓயாது. எந்தப் பறவை கத்தினாலும் ஜீப்பை நிறுத்திப் பெயர் சொல்வார். எதைக் கேட்டாலும் "பிரச்சினை இல்ல தங்கச்சி" என்பார். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு மேற்கே காட்டுக்குள் திரும்பினோம். முதல் நாள், உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. குளத்தில் யானைக் கூட்டம் பார்த்தோம். ஸஹ்னா சிரித்ததைப் பார்த்து நானும் கொஞ்சம் இளகிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை அவளுக்கு உடம்பு சுட்டது. சளி பிடித்துத் தடிமன் காய்ச்சல். சுகரும் கூடியிருந்தது. ஊசி போட்டுவிட்டு, "இனி வீட்ட போவம்" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. திரும்புகிற வழியில் ஒரு ஆறு. வரும்போது அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. இப்போது கலங்கலாக, கொஞ்சம் கூடுதலாக ஓடியது. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழையும் இல்லை. மேற்கே எங்கேயோ பெய்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார் தவராசா.

"இதெல்லாம் ஒரு ஆறா? திறப்பத் தாங்க. பாலைவன மணல்ல ஓட்டினவன் நான்" என்றார் இவர். தவராசாவும், "பிரச்சினை இல்ல" என்று ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டார்! இருவரில் யாரை முதலில் ஏசுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆற்றின் நடுவைத் தாண்டியதும் சில்லுகள் மணலில் புதைந்தன. இவர் மிதிக்க மிதிக்க இன்னும் தாழ்ந்தது. ஜீப்பை இழுக்கிற கம்பிக் கயிறு எங்கே என்று கேட்டேன். அதைத் தன் மச்சான் இரவலாகக் கொண்டுபோனதைத் தவராசா அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். தண்ணீர் கதவுக்கு வந்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நாங்கள் எப்படியோ அக்கரை ஏறினோம். சாமான்களை எடுக்க இவர் பின்கதவைத் திறந்தார். அவ்வளவுதான். உள்ளே புகுந்திருந்த தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. இன்சுலின் வைத்திருந்த குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வளைவில் மறைந்தது. இவர் பாய்ந்து நீந்தினார். வெறுங்கையோடு வந்தார்.

பெரிய ரோட்டுக்கு வெகு தூரம். பாதை முழுக்க யானை லத்தி. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. "கவரேஜ் வாற இடம் ஒண்டு இரிக்கு. கெதியா வாறன்" என்று சொல்லித் தவராசா போனார். உச்சி வெயில் சாய்ந்தது. மத்தியான ஊசி இல்லை. ஸஹ்னா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு எங்களிடம் இருந்த போத்தலை முடித்தாள். பிறகு வாந்தி. தவராசாவைக் காணவில்லை.

நானும் அவரும் சண்டை பிடித்தோம். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவர் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதற்கும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் அழ வேண்டிய நேரத்தில் இவர் அழுதால் நான் என்ன செய்வது?

அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. என் பிள்ளையின் மருந்தைக் கொண்டுபோன அதே தண்ணீரில் கை, முகம், கால் கழுவி வுளூச் செய்தேன். ஈர மணலில் தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், இந்தத் தண்ணிய வத்த வை. ஜீப்பக் கிளப்பித் தா" என்று கேட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.

சகோதரிகளே, மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தது. என் இறைவனிடமே வந்தது. "நான் வத்த வை எண்டு கேட்டன். நீ கூட்டித் தாறாய். நான் யாருக்கிட்டப் போறது? உன்ன விட்டா எனக்கு ஆரு இரிக்கா?" என்று வாய்விட்டே கத்தினேன். கத்தி முடிந்ததும் நெற்றியை மணலில் வைத்தேன். "எனக்கு வழி தெரியா. புள்ளையத் தா. எப்படியெண்டு நான் சொல்லல்ல" என்றேன். அவ்வளவுதான் என் துஆ.

தலையை எடுத்தபோது ஸஹ்னாவின் மூச்சு வேகமாகியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. இவர் என் முகத்தைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும், அது எதன் அடையாளம் என்று.

அப்போதுதான் ஒரு டிரக்டர் சத்தம் கேட்டது. நாங்கள் இருந்த கரையிலேயே, பற்றைக்குள் இருந்த ஒரு கிளைப் பாதையில் வந்தது. இவர் இடுப்புச் சாரனைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினார்.

டிரக்டரை ஓட்டியவர் கணேசன், காட்டுக்குள் சேனைப் பயிர் செய்கிறவர். பின்னால் இழுத்துவந்த பெட்டியில் அவருடைய மனைவி புஷ்பம், கன்னம் பலூன் மாதிரி வீங்கி, துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கடைவாய்ப் பல். சோளம் முறிக்கிற நேரம், ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, தானாய் மாறும் என்று கணேசன் நாள் கடத்தியிருக்கிறார். அன்று அவள் வலி தாங்காமல் சோற்றுப் பானையையே தூக்கி முற்றத்தில் எறிந்திருக்கிறாள். அதன் பிறகுதான் டிரக்டர் கிளம்பியது.

கணேசன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "ஏறுங்க, ஏறுங்க" என்றார். புஷ்பம்தான் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். வாயைத் திறக்க முடியாத மனிசி, என் மகளைத் தன் மடியில் கிடத்தி, குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கணேசன் பள்ளத்தில் விடும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்க முடியாமல் முனகினாள். ஆனால் பிள்ளையை விடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மேலேயிருந்து ஒரு குரல்: "அண்ணன்! நில்லுங்க! யானை!" பாலை மரத்தின் கிளையில் தவராசா உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கொம்பன் அவரை மத்தியானமே மரத்தில் ஏற்றிவிட்டதாம். டிரக்டர் சத்தத்துக்கு அது விலகிப் போயிருந்தது. இறங்கி வந்து, "பிரச்சினை இல்ல தங்கச்சி" என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பெரிய ரோட்டில் ஒரு வேன் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உடனே சேலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் மயங்கியிருப்பாள் என்றார் டொக்டர். விடியும்போது ஸஹ்னா கண்ணைத் திறந்து, "உம்மா, தவராசா மாமா இன்னும் மரத்திலயா?" என்று கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சொல்லை அதுவரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றுதான் அது நெஞ்சின் அடியிலிருந்து வந்தது.

பிறகு ஒரு நாள் நாங்கள் கணேசன் வீட்டுக்குப் போனோம். புஷ்பத்துக்குப் பல் பிடுங்கி, கன்னம் வடிந்திருந்தது. எனக்கு மனதில் ஒரு உறுத்தல். என் பிள்ளைக்கு அந்த நேரத்தில் டிரக்டர் வர வேண்டும் என்பதற்காகவா இந்தப் பெண் அத்தனை நாள் வலி பட்டாள்? அதை அவளிடமே கேட்டேன்.

புஷ்பம் சிரித்தாள். "அப்படியெல்லாம் யோசிக்காதங்க தங்கச்சி. இந்த மனிசன் நான் சொன்ன நாளே கூட்டிப் போயிருந்தா எனக்கு அவ்வளவு வலியும் இல்ல. அண்டைக்கு முழுக்க நான் எங்கட சாமிய ஏசிக்கிட்டுத்தான் இரிந்தன். டிரக்டர் பெட்டியில உங்கட புள்ளையத் தூக்கின புறகு, ஏசுறத்துக்கு நேரமில்லாமப் போயிற்று."

அல்லாஹ்வின் கணக்கு எனக்கு விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஊசியை இவரும் போடுகிறார். எங்கே போனாலும் இன்சுலினை இரண்டாகப் பிரித்து, ஒன்றை என் உடம்போடு வைத்திருக்கிறேன். அல்லாஹ்வை நம்பித் தவக்குல் வைப்பது என்றால் கவனமில்லாமல் இருப்பது என்று அர்த்தமில்லை. இவர் இன்னும் கத்தார் கதை சொல்கிறார். எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அது மாறவில்லை, மாறும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் என் துஆ மாறிவிட்டது. முன்பெல்லாம் என்ன வேண்டும், எப்படி வேண்டும், எப்போது வேண்டும் என்று அல்லாஹ்வுக்கே பாதை சொல்லிக் கேட்பேன். இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன்.

நோயிலோ கவலையிலோ இருக்கிற என் சகோதரிகளே, அழகான சொற்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்று எனக்கு ஒரு அழகான சொல்லும் வரவில்லை. கோபத்தோடு என்றாலும் அவனிடமே போய்க் கேளுங்கள். கத்தியாவது கேளுங்கள். அவன் முகம் திருப்பிக்கொள்கிறவன் இல்லை.