ஒரே காருக்கு இரண்டு பெயராம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. எதை முதலில் சொல்வது என்பதும் சில நேரம் மறந்துபோகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தம்பி மகளுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வந்திருக்கிறது. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். ஜாதகம், தோட்டம், சொந்தபந்தம் எல்லாம் விசாரித்தாகிவிட்டது. ஆனாலும் தம்பி, "அக்கா, நீ சரின்னு சொன்னாத்தான் உப்பு சக்கரை மாத்தி உறுதி பண்றது" என்றான். காரணம் உண்டு. என்னைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை மில்லில் ஃபிட்டர் என்றார்கள். போன பிறகுதான் அப்படி ஒரு வேலையே இல்லை என்று தெரிந்தது. ஒரே வருடத்தில் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பையனுக்குக் கார் என்றால் உயிராம். முன்பு ஜப்பானில் இருந்தபோது ஒரு சிவப்புக் கார், இப்போது அமெரிக்காவிலும் அதே கார். இரண்டின் போட்டோக்களையும் தம்பியின் போனுக்கு அனுப்பினார்கள். "பழைய ஸ்போர்ட்ஸ் காருங்க. அஞ்சாந் தலைமுறை. ரெண்டு நாட்டுலயும் இதேதானுங்க" என்றார் அப்பா.

அவர்கள் காப்பி குடிக்கிற நேரத்தில் நான் சமையலறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜப்பான் காரின் பின்னால் ஒரு பெயர். அமெரிக்கக் காரில் ஒரு எண்ணும் இரண்டு எழுத்தும். ஒன்றில் ஸ்டியரிங் வலது பக்கம், மற்றதில் இடது பக்கம். ஒன்றின் முன்விளக்கு வெளியே தெரிகிறது, மற்றதில் மூடிக் கிடக்கிறது. யாருடைய காரோ, பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுத்திருப்பாரோ?

அவர்கள் கிளம்பிய பிறகு தம்பி மகளிடம் சொன்னேன்.

"நீங்க போலீசுக்குப் போயிருக்கோணுமுங்க அத்தை" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கிட்ட ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்னு சொன்னாருங்களே."

அப்பா ஐந்து என்கிறார், மகன் ஒன்று என்கிறார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையை வீடியோவில் கூப்பிட்டுப் போனை என் முன்னால் நீட்டினாள். நான் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். கேள்வியை அவளேதான் கேட்டாள்.

"அதுங்களா அத்தை? ஜப்பான்ல அந்தப் பேர்ல முன்னாலயே நாலு தலைமுறை வந்துருச்சுங்க, இது அஞ்சாவது. அமெரிக்காவுல அந்த நம்பர் பேருல இதைத்தான் முதல்ல வித்தாங்க. அதனால அங்க இதுதான் ஒண்ணு. மூஞ்சியை மட்டும் மாத்திப்போட்டாங்க. அடியில ஒரே காருங்க."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மனப்பாடம் செய்து வைத்தது போல இருந்தது.

"நெட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்குதுங்க அத்தை" என்று அவள் போனில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். இங்கிலீஷ், எனக்குப் புரியாது. அவளுக்கோ அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதனால் அவள் படித்ததையும் முழுதாக நம்ப முடியவில்லை. அவள் ஆசையைக் கெடுக்கவும் மனசில்லை.

வெள்ளிக்கிழமை உப்பு சக்கரை மாற்ற வருகிறார்கள். தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கார் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது, அந்த ஐந்தும் ஒன்றும் ஒரே கார்தானா, விளக்கை அப்படி மாற்றுவார்களா என்று சரிபார்த்து, அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.