வியாழன் 25 மணி 45 நிமிடம்

எங்கள் குவாபாரா குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் என் தம்பி தோமோனோரி மட்டும்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, ஹாச்சியோஜியில் ஒரு சலவைக் கடையில் சேர்ந்தவள். அவனுக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை.

1996 ஏப்ரலில் வியாழன் 25 மணி 45 நிமிடத்தை அவன் கேட்டு வாங்கினான். டிவிக்காரர்களுக்கு நள்ளிரவோடு நாள் முடியாது. நமக்கு அது வெள்ளி அதிகாலை 1.45. அதுவரை விளம்பர நிகழ்ச்சியில் கத்தியும் வாணலியும் விற்றுக்கொண்டிருந்த அந்த அரை மணியில், பெரியவர்கள் பார்க்கும் அனிமே தொடர்களைப் போட்டான். ஒரு தொடருக்குப் பதின்மூன்று வாரம். மாலை நேரடி ஒளிபரப்பில் பேஸ்பால் ஆட்டம் நீண்டால் எல்லாம் தள்ளிப்போகும். நேரம் குறித்துவைத்த பதிவு வீணான ரசிகர்கள் போனில் திட்டுவார்கள். அந்தப் போனையும் அவனே எடுப்பான். ஒருமுறை ஒளிபரப்புக்குப் பதினோரு நிமிடம் முன்புதான் ஒளிநாடா வந்ததாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது என் கண்ணுக்குப் பட்டது ஒன்றுதான்: முப்பத்திரண்டு வயது ஆள் பொம்மைப்படம் போடுகிறான். யார் கேட்டாலும், செய்திப் பிரிவில் இருக்கிறான் என்றேன்.

1998 நவம்பரில் அவனுக்குப் பெண் பார்க்க ஓர் உணவகத்தில் கூடினோம். பெண்ணின் அப்பா, "டிவில உங்களுக்கு என்ன வேலைங்க?" என்றார். அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"செய்திங்க. ராத்திரி பதினோரு மணிச் செய்தி."

தம்பி குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் கேட்டான்: "என் வேலைய சொல்ல அவ்ளோ வெக்கமாக்கா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

அந்த இடம் எப்படியும் அமையவில்லை.

2005இல், அம்மாவின் நினைவு நாள் சாப்பாட்டில், ஹிசாயே சித்தி வழக்கம்போல, "செய்தியெல்லாம் எப்படிப் போகுது?" என்றாள். அந்த மாதம் நாளிதழ் ஒன்று தம்பியின் வியாழக்கிழமை நேரத்தைப் பாராட்டி எழுதியிருந்தது. நான் எழுந்து உண்மையைச் சொன்னேன்.

சித்தி சிரித்துவிட்டாள். "அடியே, எங்க பேரன் வாராவாரம் பதிவு பண்றான். எங்களுக்குத் தெரியாதா? செய்தின்னு சொன்னதும் நீ முதுக நிமித்திக்குவ பாரு, அதப் பாக்கத்தான் கேக்கறது!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் எனக்குத் தேநீர் ஊற்றினான்.

அந்த வியாழன் முதல்முறையாக விழித்திருந்து பார்த்தேன். முடிவில் ஓடிய பெயர்களில் அவன் இல்லை. உடனே போன் செய்தேன்.

"உன் பேரு வரலையேடா?"

"வந்துச்சே. தயாரிப்பு, ஹயாமா ஷின்."

"அது யாரு?"

"நான்தான். அந்தப் பொண்ணு பாத்த மறுவாரம் மாத்தினேன். அவங்க அப்பா தற்செயலா பாத்துட்டா உனக்குத்தானே அசிங்கம்."

"இப்பவாச்சும் நம்ம பேரப் போடு."

"ஏழு வருஷமாச்சுக்கா. இங்க எல்லாருக்கும் நான் ஹயாமாதான். குவாபாரான்னா யாருன்னு கேப்பாங்க."

அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் ஹயாமா ஷின் என் தம்பி என்கிறேன். என் சட்டையில் குத்தியிருக்கும் குவாபாரா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "அப்ப பேரு ஏன் வேற?" என்கிறார்கள். ஏனென்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.