ஒன்பதாவது கல்

ஸிகோங் நகரின் பாறைப் பரிசோதனைக் கூடத்தில் சுயிஃபென்னுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த களிப்பாறையில் கட்டைவிரல் அளவுக்குத் துண்டு வெட்டி, அதற்குள் நைட்ரஜனைச் செலுத்தி, எவ்வளவு ஊடுருவி வருகிறது என்று அளப்பதுதான் வேலை. மற்றவர்கள் ஒரே அழுத்தத்தில் அளந்து, அட்டவணையைப் பார்த்துத் திருத்திவிட்டு, மதியத்துக்குள் அந்த ஊருக்குப் பேர்போன முயல் வறுவலைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் நாலு அழுத்தத்தில் அளப்பாள்.

காரணம் இருக்கிறது. அந்த நுண்துளைகளில் வாயு சுவரோடு ஒட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அழுத்தம் குறையக் குறைய வழுக்கல் கூடும். கல்லும் வாயுவை நிஜத்தைவிட எளிதாக விடுவதுபோல, தன்னிடம் இல்லாத தாராளத்தைக் காட்டும். நாலு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால், வழுக்கலே இல்லாமல் போகும் அளவுக்கு அழுத்தம் எல்லையில்லாமல் ஏறுவதைக் குறிக்கும் தாளின் ஓரத்தில் அது முட்டும் இடமே கல்லின் நிஜ எண்.

“அக்கா, கல்லுக்கு ஜாதகம் எழுதுறியா?” என்பான் பக்கத்து மேசை லூ பின்.

“உனக்கென்ன வந்துச்சு? முயல் ஆறிடும், போ.”

அந்த வியாழக்கிழமை காலை வாயு உருளையை மாற்றப் போனபோதுதான் கவனித்தாள். குழாய் நைட்ரஜனில் இல்லை. துளைகளின் கொள்ளளவை அளக்க வைத்திருக்கும் ஹீலியத்தில் மாட்டியிருந்தது. மாட்டியது அவளேதான், போன வாரமே. ஹீலியமோ நைட்ரஜனைவிட அதிகமாக வழுக்கும். அளந்த ஒன்பது கற்களில் எட்டை அடுத்த சோதனைக்காக அரைத்துத் தூளாக்கியாயிற்று. அந்தக் கிணற்றிலிருந்து வேறு கல் கிடையாது. அறிக்கை அன்று சாயங்காலமே போகவேண்டும்.

“வாயைத் திறக்காதக்கா. யாரு கண்டுபிடிக்கப் போறா?” என்றான் லூ பின்.

“நான்தான் கண்டுபிடிச்சுட்டேனே!”

மிச்சமிருந்த ஒன்பதாவது கல்லை ரப்பர் உறைக்குள் பொருத்தி, இந்த முறை நைட்ரஜனைத் திறந்தாள். ஓட்டம் நிலைக்க ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. சாப்பாட்டைத் தொடவே இல்லை. நாலு புள்ளியும் பழைய புள்ளிகளுக்கு வெகு கீழே விழுந்தன.

“போச்சு” என்றான் லூ பின். கிண்டலாகச் சொல்லவில்லை.

சுயிஃபென் நைட்ரஜன் என்று நம்பிப் போட்ட பழைய கணக்கை எடுத்தாள். அதில் நைட்ரஜனின் பாகுத்தன்மை எண்ணை எடுத்துவிட்டு ஹீலியத்தின் எண்ணைப் போட்டாள். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் இழுத்தாள். ஹீலியத்தின் கோடு மளமளவென்று இறங்கியது, நைட்ரஜனின் கோடு மெல்லச் சாய்ந்து இறங்கியது. ஓரத்துக்கு வந்தபோது இரண்டும் ஒரே இடத்தில் முட்டின. எந்த வாயு எப்படி வழுக்கினால் என்ன, வழுக்கலைக் கழித்துவிட்டால் கல் ஒன்றுதானே! அரைத்துப்போன எட்டுக்கும் நாலு நாலு புள்ளிகள் அவள் கையில் இருந்தன; அவற்றின் நிஜ எண்ணையும் இதேபோல எடுத்துவிடலாம்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு, தாளோடு பரிசோதனைக் கூடத்தின் தலைவர் கெங்கின் அறைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

கெங் இரண்டு கோடுகளும் முட்டிய இடத்தில் விரலை வைத்தார். “ஒரே அழுத்தத்துல அளந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?”

“எட்டு கல்லுக்கும் பொய் எழுதியிருப்பேன் சார். நிஜ எண் எதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது.”

அவர் ‘ஹீலியத்தில் அளந்தது’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலையிலிருந்து மேலேயே நின்ற மூச்சு அப்போதுதான் அவளுக்கு முழுசாக இறங்கியது.