பையில் இருந்தது மூன்று

அந்த வீட்டில் இருந்தவர்கள்: பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தை. அதைப் பெற்றவள். அவள் கணவன், கப்பல் பட்டறையில் இன்ஜினியர். பேத்தியைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த அவன் அம்மா. அப்புறம், பிள்ளை பெற்ற வீடுகளில் உதவிக்குப் போகும் நான்.

ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீடு, பன்னிரண்டாம் மாடி. தினமும் காலையில் போவேன். குழந்தையைக் குளிப்பாட்டுவேன். எப்படிப் பிடித்துப் பால் கொடுப்பது என்று பெற்றவளுக்குக் காட்டுவேன். நான் அதிகம் படிக்கவில்லை. எண்ணத் தெரியும். ஒரு வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு பையை மாட்டிவிடுவேன். நனைந்ததை எறியாமல் இதில் போடு, காலையில் வந்து எண்ணுவேன் என்று பெற்றவளிடம் சொல்வேன்.

இரண்டு நாளாகப் பையில் மூன்றுதான்.

"இவளுக்குப் பால் பத்தலன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமியார். "டின் பால் வாங்கியாச்சு. புள்ள காயுது."

டின் மேசையில் இருந்தது. இன்னும் திறக்கவில்லை. பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் சட்டை முழுக்கப் பால் ஈரம்.

குழந்தையைத் தூக்கிப் பார்த்தேன். வாய் ஈரமாக இருந்தது. அழுகை பலமாக இருந்தது. மூன்று டயப்பர் குழந்தை அப்படி அழாது.

எனக்கு மாமியார்மேல் சந்தேகம். அவர் படுப்பது சமையலறைக்குப் பக்கத்தில். சமையலறைச் சுவரில் குப்பைக் குழாய். மூடியைத் திறந்து போட்டால் கீழே போய்விடும், யாருக்கும் தெரியாது. டின் பாலுக்கு என்ன அவ்வளவு அவசரம்?

"இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க லா, அக்கா. நாளைக்கும் இப்படின்னா டாக்டர்கிட்ட போயிடுவோம்," என்றேன்.

கிளம்பும்போது புது டயப்பர் பாக்கெட்டில் பத்து மட்டும் விட்டேன். மீதியை என் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் போய் எண்ணினேன்.

"அக்கா, பத்து வச்சுட்டுப் போனேன். ரெண்டு மிச்சம் இருக்கு. பையில மூணு. அஞ்சு எங்க?"

"என்னையா கேக்குற? பீத்துணியத் திருடி நான் திருச்சிக்கா கொண்டு போகப் போறேன்?"

அறையிலிருந்து மகன் வந்தான். தரையைப் பார்த்துப் பேசினான்.

"நான்தாம்மா. ராத்திரி பால் குடுத்துட்டு அவ அசந்துடுவா. நான் மாத்திட்டு, நீ எந்திரிக்கிறதுக்குள்ள குழாயில போட்டுடுவேன்."

"ஆம்பளப் புள்ள, உனக்கு எதுக்குடா இந்த வேல?"

"இதுக்குத்தான் சொல்லல."

பெற்றவள் எழுந்து உட்கார்ந்தாள். "அத்தைதான் மாத்துறாங்கன்னு நெனச்சேன்," என்றாள். கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தேன். மார்பில் வைத்துக்கொண்டாள்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். டின்னை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "கடையில திருப்பிக் குடுத்துடு," என்றார்.

நான் எடுத்துப்போன டயப்பர்களை எண்ணிப் பாக்கெட்டில் திருப்பி வைத்தேன். மறுநாள் பையை எண்ணினேன். அதை நம்பாமல் பாக்கெட்டையும் எண்ணினேன். இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

எட்டு.