இடப்பக்கம் இழுத்த கார்

அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவருடைய டூல்ஸ் பெட்டியை எடுக்க, அவர் வேலை பார்த்த பட்டறைக்கு வந்த மகளின் காதிலேயே அது விழுந்தது. தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று வந்தவரிடம் முதலாளி, "பெரியவரு அலைன்மெண்ட்ல கோட்டை விட்டுட்டாரு சார்" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே ஒரு இன்ஜினியர். தாழ்ந்த காரில் ஆள் எடைக்கே சக்கரக் கோணம் மாறும் என்று, வண்டிக்காரரை சீட்டில் உட்காரவைத்துத்தான் அப்பா அலைன்மெண்ட் பார்ப்பார். "எடை போடவா கூப்பிட்டீங்க?" என்று கேலி செய்தாலும் இறங்க விடமாட்டார். அவரா கோட்டை விட்டார்?

டேப்பை எடுத்து இரு பக்கமும் உயரம் அளந்தாள். இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சக்கரத்தைக் கழற்றினாள். புது ஸ்பிரிங் சரியாக உட்காராமல் கோணலாக நின்றது.

"இதை யார் மாத்துனது?"

"என் மச்சான்தான், போன வாரம்" என்றார் முதலாளி. "விடும்மா, அப்பாதான் இல்லையே, அவருக்கு என்ன நஷ்டம்?"

"நானே சரி பண்ணித் தரேன். முதல்ல வண்டிக்காரர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். முதலாளி வாசலில் நின்றவரிடம் போய், "சார், தப்பு எங்களுது, பெரியவரோடது இல்ல" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா" என்றாள்.