அவர்களிடம் இருக்கக் கூடாது

நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பிரிவில் எங்கள் ஷிப்டுக்கு உலக விஷயம் சொல்கிறவன் நான்தான். காலை ஷிப்டில் டீக்காகக் கேண்டீனில் உட்கார்ந்ததும், "என்ன சார், சண்டை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று யாராவது ஆரம்பித்துவைப்பார்கள். நான் மேஜையில் சிந்திய டீயைத் தொட்டு வரைபடம் போடுவேன். இது கடல், இது எண்ணெய்க் கப்பல் போகிற வழி, இந்தப் பக்கம் எரிவாயு என்று விரலால் இழுத்துக் காட்டுவேன். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். அந்தக் குனிந்த தலைகள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஈரான் மேல் குண்டு விழுந்த வாரம் அது. அன்றும் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். பெல்ட்டுக்கு அடியில் உருளைகளில் ஒட்டும் மண்ணை எடுக்கிற காண்ட்ராக்ட் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருப்பவர். கிட்டத்தட்ட என் வயதுதான். ஆனால் பெர்மனென்ட் ஆட்களுக்கு 'நீங்க', காண்ட்ராக்ட் ஆட்களுக்கு 'நீ' என்பது என் வாய் தானாகவே பழகிக்கொண்ட ஒன்று.

"சார், அவங்ககிட்ட அணுகுண்டு இருக்குதுங்களா?"

"இல்ல. செஞ்சிடுவாங்களோன்னு சந்தேகம்."

"அடிக்கிறவங்ககிட்ட?"

"அது இருக்கு."

"அப்ப இருக்கறவங்க, இல்லாதவங்கள, வச்சுக்காதன்னு அடிக்கிறாங்க. அது எப்பிடிங்க சார்?"

ஒருவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "வச்சிருக்கவன் பொறுப்பானவன்பா. இவனுங்க கையில கெடச்சா எங்க போடுவானுங்கன்னு தெரியாது. அவனுங்ககிட்ட இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"இதுவரைக்கும் ஊரு மேல போட்டவங்க யாருங்க சார்?"

பதில் எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு நான் சொன்னது இதுதான்: "அது பழைய கதை. டீ டைம் முடிஞ்சுது, நீ போய் மண்ண எடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு துறைமுகம் எரிகிறது. கரும்புகை. உயரமான நீலக் கிரேன் ஒன்று மெதுவாகச் சாய்ந்து தண்ணீருக்குள் விழுகிறது. 'சரியான அடி. இனிமேலாவது புத்தி வரும்' என்று எழுதி காண்ட்ராக்ட் ஆட்களும் இருக்கிற எங்கள் ஷிப்ட் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்களும் சிரிக்கிற முகங்களும் வந்து விழுந்தன. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். விவாதத்தைத் தொடர வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் தன் போனை என் பக்கம் நீட்டினார்.

"நேத்து நீங்க போட்ட வீடியோ சார். இது எந்த ஊருங்க?"

"எதுக்குக் கேக்குற?"

வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "இந்தக் கிரேனு நீலமா இருக்குது பாருங்க. எந் தம்பி அனுப்புன போட்டோவுலயும் நீலக் கிரேனுதான். துபாய்னு சொல்லித்தான் ஏஜெண்ட் கூட்டிகினு போனான். அப்பறம் கப்பல் ரிப்பேர் வேலைன்னு அந்தக் கரைக்கு அனுப்பிட்டாங்க. ஈரான்லதான் வெல்டரா இருக்கான். வூட்ல எங்கம்மாவுக்குத் துபாய்னுதான் தெரியும். ரெண்டு நாளா அவன் போன் போகல சார். இதையே நூறு தடவ பாத்துட்டேன். அவன் தங்கியிருக்க ஷெட்டு தெரியுதான்னு."

பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்தினாலும் குரலில் கோபம் இல்லை. நான் விவரம் தெரிந்தவன், அதனால் என்னிடம் கேட்கிறார். அவ்வளவுதான்.

எனக்கு அது எந்த ஊர் என்று தெரியாது. "விசாரிச்சுட்டு சொல்றேன்" என்றேன்.

எனக்கு அனுப்பிய நண்பனுக்குப் போன் செய்தேன். அவனுக்கு வேறு குரூப்பிலிருந்து வந்ததாம். அந்த ஆளைக் கேட்டால் அவருக்கும் வேறொருவர். இந்தச் சண்டையோடதா, ஏதோ பழைய விபத்தோடதா என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. இதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதில் மூன்று நாள் வேறு கேண்டீனுக்குப் போய் டீ குடித்தேன். ஒருநாள் அவர் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நடந்துபோனேன். ஐம்பதைத் தாண்டிய ஆள் நான்.

வீட்டில் மனைவி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். வீடியோவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணம் ஆன புதுசுல நம்ம நாட்டுல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்களே, ஞாபகம் இருக்கா? பிளாக் முழுக்க லட்டு கொடுத்தீங்க."

ஞாபகம் இருந்தது. பெர்மனென்ட் ஆன புதிது. மந்தாரக்குப்பம் கடையில் லட்டு வாங்கிவந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

"அப்ப வெளிநாட்டுக்காரங்க உதவிய நிறுத்துவோம்னு சொன்னதுக்கு டிவி முன்னாடி நின்னு கத்துனீங்க. அவன் மட்டும் வச்சுக்கலாம், நாம வச்சுக்கக் கூடாதா, சொல்றதுக்கு இவன் யாருன்னு. அன்னிக்குப் பொறுப்பில்லாதவங்கன்னு அவங்க சொன்னது நம்மளத்தானே?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் யோசித்தேன். ஒப்பந்தம், கையெழுத்து, ஆய்வாளர்கள் என்று டிவியில் கேட்டதெல்லாம் வாய்வரை வந்தது. ஆனால் அன்று லட்டு கொடுத்தபோது இதில் எதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அது நாம், இது அவர்கள். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுந்துபோய் போனை எடுத்து வீடியோவை அழிக்கப் பார்த்தேன். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. என் போனில் மட்டும்தான் அழிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த மகன் அவசரமாக வெளியே வந்து, தெருமுனைவரை அழைத்துப்போனார். அம்மா காதில் விழக் கூடாதே என்று.

"அந்த வீடியோ எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. இந்தச் சண்டையோடதான்னுகூடத் தெரியாது" என்றேன்.

"அப்ப சரியான அடின்னு ஏன் சார் போட்டீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே பேசினார். "எங்க ஊரு இப்ப மைன்ஸுக்குள்ள இருக்குது சார். கீழ கரி இருக்குது, எடுக்கணும், ஊர வுட்டு எழுந்திருங்கன்னாங்க. எழுந்தோம். கஷ்டந்தான். ஆனா கரிக்குன்னு நேரா சொன்னாங்க, வேற பேரு வைக்கல. ஈரான்ல கீழ என்ன இருக்குதுன்னு நீங்கதான் டெய்லி டீயில வரைஞ்சு காட்டறீங்க. அவ்வளவும் வரைஞ்சுட்டு, குண்டுக்காகத்தான் சண்டைன்னும் நீங்களே சொல்றீங்க. எனக்கு அதான் புரியல."

இத்தனை வருஷம் உலக விஷயம் பேசியவனுக்கு, எண்ணெய், குண்டு இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. இல்லை, தோன்றியிருக்கும். பார்க்காமல் இருப்பது வசதியாக இருந்திருக்கிறது.

மறுநாள் பழைய கேண்டீனுக்கே போனேன். டீ வருவதற்கு முன்பே, சுவரோரம் நின்ற அவரைக் காட்டி, "அன்னிக்கு நான் போட்ட வீடியோ எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. அதப் போட்டது தப்பு. இவர் தம்பி ஈரான்லதான் இருக்காரு" என்றேன். பிறகு ஒருவர், "விடுங்க சார், எல்லாரும்தான் ஃபார்வர்ட் பண்றோம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு கூசியது.

இன்னும் சில நாள் கழித்து அந்தத் தம்பியின் குரல் போனில் வந்தது. எல்லை தாண்டி, பக்கத்து நாட்டில் விமானம் பிடித்து, ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தான். அதன் பிறகுதான் அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. அண்ணன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போனேன்.

தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்துபோயிருந்தான். அவன் வேலை செய்த இடத்தில் குண்டு விழவில்லையாம். பின்தெருவில் விழுந்ததாம்.

"அங்க குண்டப் பத்தி யாரும் பேசலீங்க சார். கரண்ட் எப்ப வரும், ரொட்டிக் கடை எப்ப தெறப்பான், இதான் பேச்சு. எங்க ஃபோர்மேன் அந்த ஊருக்காரரு. உங்க நாட்டுலதான் குண்டு இருக்கே, அதால உங்க வூட்ல என்ன மாறுச்சுன்னு கேட்டாரு. நான் என்ன சார் சொல்றது? எங்க ஊருல கரண்ட் தயாரிக்கறாங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. அவருதான் சொந்த வேன்ல என்ன எல்லைவரைக்கும் கொண்டாந்து வுட்டாரு. தண்ணி பாட்டில், ரொட்டி எல்லாம் கொடுத்துட்டுத் திரும்பிப் போனாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியல சார். வந்ததுலேர்ந்து போன் போட்டுகினே இருக்கேன்."

பேசிக்கொண்டே மறுபடியும் எண்ணை அழுத்தினான். சிறிது நேரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினான். "அவங்க பாஷையில ஏதோ சொல்லுது சார். உங்களுக்குப் புரியுதா பாருங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். பதிவுசெய்த ஒரு பெண் குரல், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன், தம்பி, கதவோரம் நின்ற அம்மா, மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் நிற்கும்வரை கேட்டேன். "எனக்குத் தெரியலப்பா" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.