ஒன்பது நாள் ‘பாப்போம்’ என்றேன்

அன்பான சபையாருக்கு,

எங்கள் முதல் பிள்ளை பெயர் இல்லாமலே மண்ணுக்குள் போனான். அதற்குக் காரணம் நான். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருகிறவன் நான். சாட்சி நேரத்தில் மைக் எங்கள் பக்கம் வந்தால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவேன். போன மாதம்தான் தைரியம் வந்து, “எழுதிக் குடுக்கட்டுமா பாஸ்டர்?” என்று கேட்டேன். “எழுதுங்க பிரதர், சபை மடல்ல போட்டுடுவோம்” என்றார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சாலையோரம் புல் வெட்டும் வேலை. மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து லகாட் வரை வெட்டிக்கொண்டே போவோம். மெஷின் சத்தத்தில் யாரும் என்னோடு பேச முடியாது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவும் அப்பாவும் நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார்கள். என் அக்கா அஞ்சலைதான் ரப்பர் மரம் சீவி என்னை வளர்த்தார். அக்கா கோயிலுக்குப் போகிறவர். நான் முப்பத்தொன்பது வயதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து நம் சபையிலேயே செல்வராணியைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் அம்மா, என் அத்தை, பிறந்ததிலிருந்தே சபைப் பிள்ளை. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் அத்தை. இரண்டு பேருமே என்மேல் உயிராக இருப்பவர்கள். நடுவில் வாய் திறக்காத நான்.

எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இருதயத்தில் கோளாறு என்று இரண்டாம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் பெயரைப் பற்றியே பேசினார்கள். பயத்தை மறைக்கத்தான் அப்படிப் பேசினார்கள் என்று இப்போது புரிகிறது.

“தம்பி, புள்ள பூச நட்சத்திரம்டா. ஹூ, ஹே, ஹோ, டா, இந்த நாலுலதான் ஆரம்பிக்கணுமாம்” என்றார் அக்கா. ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது.

அத்தை சும்மா இருப்பாரா? “ஹோவா? அது புள்ளைய கூப்புடுறதா, மாட்ட ஓட்டுறதா? கிறிஸ்தவப் பேருதான் வைக்கணும், சொல்லிட்டேன்.”

“அப்ப டாவுல வைங்களேன்!”

“டான்னா? வாடா போடாவா?”

காம்பாரில் இருக்கும் என் மச்சான் வாட்சாப்பில் ஒரு குழு ஆரம்பித்து, முப்பது பெயரைப் போட்டு எல்லாரையும் ஓட்டுப் போடச் சொன்னான். என் முதலாளி, சீனத் தவுக்கேகூட விடவில்லை. நீளமான பெயர் வைக்காதே, ஃபாரத்தில் இடம் பத்தாது என்று மலாயில் சொன்னார்.

“நீ என்னடா சொல்றே?” என்று அக்கா கேட்பார். “பாப்போம்லா அக்கா” என்பேன்.

“நீங்க என்னா சொல்றீங்க மாப்ள?” என்று அத்தை கேட்பார். “பாப்போம் அத்தை” என்பேன்.

அக்கா சொன்னதை வைத்தால் அத்தை மனம் நோகும். அத்தை சொன்னதை வைத்தால், தான் சாப்பிடாமல் எனக்குப் போட்ட அக்கா நொந்துபோவார். எனக்குள் ஒரு பெயர் இருந்தது. ராஜா. அவ்வளவுதான். வார்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்து மனதுக்குள் அதைத்தான் சொல்வேன். வெளியே சொன்னால் பழைய பெயர் என்று சிரிப்பார்கள் என்று வெட்கம். செல்வராணியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பது நாள் ‘பாப்போம்’ என்றேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் அவன் போய்விட்டான்.

தாளில் எழுதுவதற்காக நர்ஸ் பெயர் கேட்டாள். “பெலும்” என்றேன். இன்னும் இல்லை என்று அர்த்தம். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு ‘செல்வராணியின் குழந்தை’ என்று எழுதிக்கொண்டாள்.

கல்லறையில் பாஸ்டர் ஜெபித்தார். “ஆண்டவரே, உம்முடைய பிள்ளை…” என்று சொல்லி நிறுத்தினார். பெயருக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். “இந்தக் குழந்தையை” என்று அவரே முடித்துக்கொண்டார். மரச் சிலுவையிலும் ‘குழந்தை’ என்றுதான் எழுதினோம்.

வீட்டுக்கு வந்தும் செல்வராணி அழவில்லை. மூன்றாம் நாள், குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: “எல்லாரும் செத்தவங்க பேரச் சொல்லித்தானே அழுவாங்க? எனக்குச் சொல்லி அழக்கூட ஒரு பேரு இல்லையேங்க.”

அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாட்களில் நான் ஜெபிக்கவில்லை. சபைக்கு வந்தேன், உட்கார்ந்தேன், போனேன். நீங்கள் எல்லாரும் ஆமென் சொல்லும்போது என் உதடு அசையவில்லை. பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஒன்பது நாள் கேட்டவன் நான். அவர் கேட்கவில்லையே என்று கோபம். அதைவிட, என் பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியதை நானே செய்யவில்லையே என்ற வெட்கம்.

இரண்டரை வருஷம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்தாள். என் வேலைக் கையுறை ஒன்றுக்குள் அடங்கிவிடுவாள், அத்தனை சின்னவள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு அட்டை. அதில் ‘செல்வராணியின் குழந்தை’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை அக்காவும் அத்தையும் முதல் முறையாக ஒரே பேச்சாக நின்றார்கள்.

“இப்ப பேரு வைக்காத தம்பி. பேரு வெச்சா நம்ம புள்ளைன்னு ஆசை வந்துடும். போன தடவை பட்டது போதும்” என்றார் அக்கா.

“ஆமா மாப்ள. மொத பொழைக்கட்டும். பேரு ஞானஸ்நானத்துல பாத்துக்கலாம்” என்றார் அத்தை.

செல்வராணி என்னைப் பார்த்தாள்.

“பாப்போம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. லகாட் சாலையில் வேலை. தேத்தண்ணி நேரத்துக்கு மற்றவர்கள் மர நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, லோரிக்குப் பின்னால் வெட்டிப் போட்ட புல்லில் முழங்கால் போட்டேன். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் ஜெபித்தேன்.

“ஆண்டவரே, பிள்ளையைக் கொடும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போன தடவை கேட்டேன். இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவள் போவதாக இருந்தாலும் பெயரோடு போகட்டும். என் வாயைத் திறந்துவிடும்.”

இவ்வளவுதான் என் ஜெபம். கண்ணைத் திறந்தபோது, மெஷினுக்குத் தப்பி ஒரு தொட்டாற்சிணுங்கி என் முழங்காலுக்குப் பக்கத்தில் பூத்திருந்தது. இத்தனை வருஷமாக அதை வெட்டித்தான் தள்ளியிருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது கைப்பேசி அடித்தது. செல்வராணி. “சீக்கிரம் வாங்க. மூச்சு நின்னுடுச்சாம்.”

தவுக்கே லோரியிலேயே கொண்டுபோய் விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் மூச்சைத் திருப்பியிருந்தார்கள். வாயில் குழாய். இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தலையில் புல் துகள் இருந்தது.

மலாய் நர்ஸ் ஒருத்தி, சின்ன வயது, என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பேசுங்கள், அப்பா குரல் பிள்ளைக்கு நல்லது என்றாள். பிறகு கேட்டாள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று.

அதே கேள்வி. ‘பெலும்’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சபையாரே, அந்த இடத்தில் ஆண்டவர் என் நாக்கைப் பிடித்தார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

“மலர்” என்றேன்.

அழகாக இருக்கிறது என்று சொல்லி, அவள் அந்த அட்டையின் மேல் வெள்ளை டேப்பை ஒட்டிப் பேனாவால் எழுதினாள். நான் பெட்டியின் ஓட்டை வழியாக விரலை விட்டு, “மலர், மலரு, அப்பா வந்திருக்கேன்மா” என்றேன். அவள் கால் அசைந்தது. நான் கூப்பிடாவிட்டாலும் அசைந்திருக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். “பேரு வெச்சிட்டேன். மலர்” என்றேன்.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். “மலரா? என்னா மாப்ள இது? பூவு ஒரே நாள்ல வாடிப் போயிடுமே. வேற பேரே கெடைக்கலையா?”

“நட்சத்திர எழுத்தும் இல்ல” என்றார் அக்கா.

“வாடுறதா இருந்தா வாடட்டும் அத்தை!” என்றேன். “பேரோட வாடட்டும். என் மவன் போன மாதிரி இவ போகக்கூடாது.”

நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். செல்வராணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தன் பர்ஸைத் திறந்தார். இந்தப் பிள்ளைக்கும் ஜோசியரிடம் சீட்டு வாங்கி வைத்திருந்தார் போலும். அதை எடுத்துப் பார்த்துவிட்டு நாலாக, எட்டாக மடித்து, மறுபடி உள்ளே போட்டார். “சரி, மலருன்னா மலரு. இங்க நின்னு எங்ககிட்ட ஏண்டா கத்துறே? உள்ள போய் அவளக் கூப்புடு” என்றார்.

இரண்டு நாள் போனது. பிறகு ஏழு வாரம் போனது. மலர் வீட்டுக்கு வந்தாள். உங்களில் பலர் அப்போது எங்களுக்காக ஜெபித்தீர்கள். நான் நன்றிகூடச் சொல்லாமல் கழிப்பறைக்குப் போனவன். இப்போது சொல்கிறேன், நன்றி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மலருக்குக் காது சரியாகக் கேட்காது. கிருமியாலா, குறைமாதத்தாலா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஒரு காதில் மெஷின் போட்டிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டதும் சொந்தத்தில் மறுபடி பேச்சு வந்தது. நட்சத்திரம் பார்க்காமல் வைத்த பெயர் என்றார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே அவசரப்பட்டான் என்றார்கள். கேட்டால் இன்றும் வலிக்கிறது. ஆனால் யாருக்கும் நான் ‘பாப்போம்’ சொல்வதில்லை. “அவ பேரு மலரு” என்று மட்டும் சொல்வேன்.

மெதுவாகப் பேசியே பழகின எனக்கு, ஆண்டவர் சத்தமாகக் கூப்பிட வேண்டிய பிள்ளையைக் கொடுத்திருக்கிறார். புந்தோங் சந்தையில் அவள் முன்னால் ஓடினால், “மலரூ!” என்று கத்துகிறேன். மீன் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அக்காவுக்கு, ரப்பர் சீவின பால்மரக் காட்டில் அடுத்த மேட்டில் நிற்பவர்களைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. அவர் கூப்பிட்டால் மெஷின் இல்லாமலேயே மலர் திரும்புகிறாள். “என் பேத்தி எனக்கும் திரும்புவா” என்று அத்தையும் போட்டிக்குக் கத்துகிறார்.

போன மாதம் எங்கள் மகன் போன நாள் வந்தது. கல்லறைக்குப் புறப்படும்போதுதான் செல்வராணியிடம் சொன்னேன்.

“அவனுக்கு நான் ஒரு பேரு வெச்சிருந்தேன்.”

“என்னா பேரு?”

“ராஜா.”

“கூப்பிட்டீங்களா?”

“மனசுக்குள்ள.”

“அவனுக்குக் கேட்டிருக்குமாங்க?”

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

சிலுவையில் ‘குழந்தை’ என்று இருந்ததை அழித்துவிட்டு, கறுப்புச் சாயத்தால் நானே ராஜா என்று எழுதினேன். என் எழுத்து கோணல்தான். செல்வராணி மண்ணில் கையை வைத்து, “ராஜா, என் ராஜா” என்று அழுதாள். ஐந்து வருஷமாக உள்ளே வைத்திருந்த அழுகை. நானும் கூடச் சேர்ந்து, வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லி அழுதேன்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. ஆண்டவர் அந்த வார்த்தையையும் கொடுத்தார், பிள்ளையையும் கொடுத்தார். ராஜாவுக்கு மட்டும் அது பிந்தி வந்தது. அந்த வலியோடு சேர்த்துத்தான் அவருக்கு நன்றி சொல்கிறேன். என்னைப் போல வாய் வராதவர்கள் நம் சபையில் இன்னும் இருப்பீர்கள். எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வீர்கள். பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் தருவார். நேரத்தோடு கேளுங்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஓடிக்கொண்டிருப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள்.